பதிந்ததும் பதித்ததும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்களைத் திகைக்க வைக்கும் வினைச்சொற்களுள் ‘எம்பெட்’ என்பதும் ஒன்று. அகராதியைத் திறந்தால் அதற்கு நேராகப் பதித்தல், புதைத்தல், பொதித்தல், அழுத்துதல், ஊன்றுதல் என ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். இவற்றுள் எதை எடுப்பது? மோதிரத்தில் கல் இருப்பதற்கும், மண்ணில் கல் இருப்பதற்கும், மனத்தில் எண்ணம் இருப்பதற்கும், இயந்திரத்தில் கணினி இருப்பதற்கும் ஆங்கிலேயர் இந்த ஒரே சொல்லை வழங்குகின்றனர். தமிழில் அவ்வாறு செய்தல் இயலாது. எந்தச் சொல்லை எங்கு இடுவது என்பதை அறிய வேண்டுமாயின் அகராதியை மூடி வைத்துவிட்டுச் சற்று நிலத்தைத் தோண்டிப் பார்த்தல் நலம். அதற்கு இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவைக் காட்டிலும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், எஹலியகொடைக்கு அப்பால் குருவிட்ட அமைந்திருக்கிறது. சிவனொளிபாத மலைச் சாரலில் பிறந்து களுகங்கையில் கலக்கும் குருகங்கை இவ்வழியே ஓடுகிறது. மலையேறும் அடியார்கள் எரத்னை வழியாகச் செல்லும் பழைய பாதையும் இங்கிருந்தே தொடங்குகிறது. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும், பள்ளத்தாக்குகளில் நெல்வயல்கள், வயல்களுக்கு இடையே ஓலைக்கூரை வேய்ந்த மாணிக்கக் குழிகள். இந்த மண்ணுக்குள் என்னென்ன பதிந்து கிடக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சொல்லின் பிறப்பு

‘எம்பெட்’ என்ற சொல்லைப் பிரித்தால், ‘உள்ளே’ என்னும் பொருள் தரும் முன்னொட்டும் ‘பெட்’ என்னும் பெயரும் கிடைக்கும். ‘பெட்’ என்றால் படுக்கை என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் ஆற்றின் அடித்தளத்துக்கும், பூஞ்செடிகள் நடும் பாத்திக்கும், பூமியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் கல், மண் தளங்களுக்கும்கூட ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நம் மொழியின் போக்கும் இதனை ஒத்ததே. ‘படு’ என்னும் வேரிலிருந்து உறங்குவோருக்குப் படுக்கையும், ஆற்றுக்குப் படுகையும் நாம் ஆக்கிக் கொண்டோம் அல்லவா? எனவே ‘எம்பெட்’ என்பதன் வேர்ப்பொருள் ‘படுகைக்குள் இருத்துதல்’ என்பதேயாம்.

இச்சொல் ஆங்கில எழுத்தில் தோன்றியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1778ஆம் ஆண்டளவில், பாறைகளுக்குள் கிடைத்த பழைய உயிர்களின் எச்சங்களைப் பற்றி எழுதியோர் இதனைக் கையாண்டனர். அதாவது பிறவியிலேயே இது நிலவியலாரின் சொல். உள்ளத்தில் பதிதல் முதலிய உருவகப் பொருள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. இந்த வரலாற்றை அறிந்தால், சொல்லின் முதற்பொருளைக் கண்ணாற் காண்பதற்கு நாம் குருவிட்டவைத் தேர்ந்தெடுத்த காரணம் விளங்கும்.

இல்லத்துள் இருக்கும் மாணிக்கம்

இரத்தினபுரிப் பகுதியில் நீலமும் புஷ்பராகமும் வைடூரியமும் தாய்ப்பாறையிலிருந்து உடைத்தெடுக்கப்படுவதில்லை. அவை கிடைப்பது பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஒருவகைச் சரளைக்கல் படுகையில். அப்படுகையைச் சிங்களத்தில் ‘இல்லம’ என்பர். குழிகளில் வேலை செய்யும் தமிழரும் ‘இல்லம்’ என்றே வழங்குகின்றனர். தமிழ்ச் செவிக்கு அது வீடு என்று ஒலிப்பது ஒரு தற்செயலான பொருத்தமே; ஆயினும் மாணிக்கம் குடியிருக்கும் இடத்துக்கு அதைவிட இனிய பெயர் அமைவது கடினம்.

கற்கள் அந்த இல்லத்துள் புகுந்தது எப்படி? இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாற்றம் அடைந்தவை. அவ்வுருமாற்றத்தின்போதே மாணிக்கக் கற்கள் படிகமாயின. பின்னர் மேலிருந்த தளங்கள் தேய்ந்து அகல, பாறைகள் வெளிப்பட்டன. வெயிலும் மழையும் அவற்றைச் சிதைத்தன. மென்மையான கனிமங்கள் களிமண்ணாய்க் கரைந்து போக, வன்மை மிக்கவை மட்டும் எஞ்சின. நீலமும் செம்மணியும் ஆகிய குருந்தக் கற்களின் வன்மை, வைரத்துக்குப் பத்து எனக் கொள்ளும் அளவுகோலில் ஒன்பது. ஆகவே ஆறு உருட்டிய உருட்டலையும் அவை தாங்கின. வெள்ளத்தின் வேகம் தணிந்த பள்ளங்களில் பாரமான கற்கள் முதலில் தங்கின. அவற்றின் மேல் மணலும் களியும் மூடின. இதுவே இல்லம் உருவான வரலாறு.

அதனை எடுக்கும் முறையும் அதே விதியைப் பின்பற்றியதே. சதுரமாகக் குழி வெட்டி, சுவர் சரியாதிருக்க மரச்சட்டங்களை முட்டுக் கொடுத்து, அவற்றின் பின்னே காட்டுப் பன்னத் தழைகளைத் திணிக்கின்றனர். சிலவிடங்களில் சில அடியிலும், சிலவிடங்களில் அறுபது எழுபது அடிக்குக் கீழும் இல்லம் அகப்படும். ஊற்றெடுக்கும் நீரை இறைத்துக்கொண்டே அச்சரளையை மேலே ஏற்றி, மூங்கிலாலோ பிரம்பாலோ முடைந்த கூடைகளில் இட்டு, நீருக்குள் வட்டமாகச் சுழற்றி அலசுகின்றனர். வெண்கல்லின் அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். நீலக்கல்லினதோ நான்கு மடங்கு. எனவே சுழற்சியில் இலேசான கற்கள் விளிம்பைத் தாண்டி வழிய, பாரமானவை கூடையின் அடியில் தங்கும். ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் செய்ததைக் கூடை சில நிமிடங்களில் மறுபடி செய்து காட்டுகிறது.

இப்போது நம் மொழிக் கேள்விக்கு வருவோம். மாணிக்கம் இல்லத்துள் ‘பதிந்திருக்கிறது’ என்கிறோம். ‘பதிக்கப்பட்டிருக்கிறது’ என்று எவரும் சொல்வதில்லை. ஏன்? பதித்தவர் எவரும் இல்லை. நீரும் காலமும் செய்த காரியம் அது.

சிங்கத்தின் பல்லும் குகையின் சாம்பலும்

மாணிக்கத்தை நாடித் தோண்டியவர்கள் வேறு பொருள்களையும் கண்டெடுத்தனர். யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் இரத்தினபுரிச் சரளைப் படுகைகளில் அகப்பட்டன. நீர்யானையும் காண்டாமிருகமும் இன்று இலங்கைக் காடுகளில் இல்லாதவை. குருவிட்டவில் கிடைத்தவற்றுள் மிகச் சிறப்பு வாய்ந்தவை இரண்டு பற்கள். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல, அவை ஒரு சிங்கத்தின் பற்கள் எனக் கண்டு, 1939ஆம் ஆண்டில் அழிந்துபோன அவ்விலங்குக்கு ஈழத்தைச் சுட்டும் தனி அறிவியற் பெயர் சூட்டினார். கொடியில் சிங்கத்தைத் தாங்கிய நாட்டில் ஒரு காலத்தில் உண்மையான சிங்கமும் திரிந்தது என்பதற்குக் குருவிட்டப் படுகை காத்துத் தந்த சான்று அது.

அவ்வூருக்கு அண்மையில் மலைச்சரிவில் உள்ள பட்டதொம்பலெனக் குகையும் இத்தகையதே. தெரணியகலவும், பின்னர் 1980களின் தொடக்கத்தில் அவர் புதல்வர் சிரான் தெரணியகலவும் அங்கே அகழ்வாய்வு நடத்தினர். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் அக்குகைத் தரையில் அடுக்கடுக்காய்க் கிடந்தன. நகத்தளவே உள்ள, வடிவாகச் சீவிய கற்கருவிகள், மரநத்தைகளின் ஓடுகள், குரங்கின் எலும்புகள், கருகிய கெக்குணக் கொட்டைகளின் ஓடுகள், கடற்கரையிலிருந்து கொண்டு வந்த சிப்பிகள், அவற்றோடு மனித எலும்புகளும் கிடைத்தன. உலகெங்கும் இத்தகைய நுண்கற்கருவிகளின் வரலாற்றைப் பேசுவோர் இக்குகையின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

இங்கே ‘பதிந்து’ என்பதினும் ‘புதைந்து’ என்பதே பொருத்தம். பதிந்த பொருளின் முகம் வெளியே தெரியலாம். புதைந்த பொருள் முற்றும் மறைந்து விடும். ஈரத் தரையில் காலடி பதிகிறது. சேற்றில் கால் புதைகிறது. இந்த வேறுபாட்டை ஆங்கில வினை காட்டுவதில்லை.

பதித்தவர் கை

குழியிலிருந்து வெளிவந்த கல் பட்டை தீட்டப்பட்டுப் பொற்கொல்லரிடம் செல்கிறது. அவர் அதை மோதிரத்தில் பதிக்கிறார். ஆங்கிலத்தில் முன்னர்ச் சொன்ன அதே வினையை இங்கும் கேட்கலாம். தமிழோ இவ்விடத்தில் ஒரு மெய்யெழுத்தை மாற்றிக்கொள்கிறது: கல் மண்ணில் பதிந்தது; தட்டார் அதைப் பொன்னில் பதித்தார். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. புதைந்தது, புதைத்தார், பொதிந்தது, பொதித்தார் என்பனவும் இவ்வாறே. பள்ளியில் இலக்கண ஆசிரியர் தன்வினை பிறவினை பற்றிப் பாடம் நடத்துகையில் கொட்டாவி விடும் மாணவர், அப்பாடத்தின் பயனை மொழிபெயர்ப்பில் இறங்கும்போதுதான் உணர்வர். ஆங்கிலத்தின் இறந்தகால எச்சம், தானே அமர்ந்ததா, ஒருவர் அமர்த்தினாரா என்பதைச் சொல்லாமலே தப்பித்துக் கொள்ளும். தமிழில் எழுதுவோருக்கு அந்தச் சலுகை இல்லை. செய்தவர் உண்டா என்பதைத் தீர விசாரித்த பின்னரே வினைமுற்றை முடிக்க இயலும்.

கருத்தோடு ஒரு பொருளை உள்ளே மறைத்து வைப்பதும் இச்சொல்லின் ஒரு கூறு. அதற்கும் குருவிட்டவிலேயே ஒரு சான்று உளது. பதினாறாம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியம் போர்த்துக்கேயரின் செல்வாக்குக்கு உட்பட்டபோது, புத்தர் பெருமானின் புனித தந்தம் அங்கிருந்து இரகசியமாக அகற்றப்பட்டு, குருவிட்டவில் உள்ள தெல்கமுவ விகாரையில் குரக்கன் அரைக்கும் திரிகைக்கல் ஒன்றினுள் ஒளித்து வைக்கப்பட்டது என்பது மரபு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்த பின்னர், கண்டியை ஆண்ட முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604) காலத்தில் அது கண்டிக்குக் கொண்டு செல்லப்பட்டதாம். அந்தக் கல்லை இன்றும் அவ்விகாரையில் பேணி வருகின்றனர். விலைமதிப்பற்ற பொருளை, எவரும் திரும்பிப் பாராத அடுக்களைக் கல்லுக்குள் வைத்த அறிவை என்னென்பது! இங்கே ‘பொதித்தல்’ என்ற சொல் நன்கு பொருந்தும். ஒன்றைச் சுற்றி மற்றொன்று உறைபோல் அமைந்து காப்பதே பொதிதல்.

உடலும் உள்ளமும்

காலில் முள் ஆழ இறங்கினால் ஆங்கிலேயர் இதே வினையைச் சொல்வர். நமக்கோ ‘முள் தைத்தது’ என்றால்தான் வலி புரியும். உடலில் குண்டு ‘பாய்ந்து தங்கியது’ என்போம். ஒரு பழக்கம் சமூகத்தில் ஆழ இடம்பெற்றிருந்தால் ‘வேரூன்றியது’ என்போம். அதுவே ஒருவருடைய இயல்போடு கலந்திருந்தால் ‘இரத்தத்தில் ஊறியது’ என்போம். படுகையை நினைத்து ஆங்கிலேயர் சொல்வதை, நாம் ஓரிடத்தில் மரத்தை நினைத்தும் மற்றோரிடத்தில் நீரை நினைத்தும் சொல்கிறோம்.

இளமையில் கற்ற கல்விக்குப் பசுமரத்தாணியை உவமை சொல்வது நம் மரபு. பச்சை மரத்தில் ஆணி எளிதில் இறங்கும் என்பது அனைவரும் அறிந்ததே. உள்ளே இறங்கியது எளிதில் வெளிவராது என்பதும் அவ்வுவமையில் அடங்கியிருக்கிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியது இதுவே: நல்லது மட்டுமன்று, குழந்தையின் முன் சொல்லப்படும் இழிசொல்லும் அவ்வாறே இறங்கிவிடும்.

அறிவியலார் கையில்

கடந்த நூறாண்டுகளில் அறிவியலார் இச்சொல்லைப் பல துறைகளுக்கும் கொண்டு சென்றுள்ளனர். அவற்றுட் சிலவற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

மருத்துவமனைகளில் நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சிறு திசுவைச் சோதிக்குமுன், அதிலுள்ள நீரை அகற்றி, உருகிய பரபின் மெழுகில் அமிழ்த்தி இறுகச் செய்கின்றனர். மெழுகுக்குள் நின்ற திசுவை மிக மெல்லிய தகடுகளாகச் சீவி நுண்காட்டியில் பார்க்கின்றனர். இங்கும் ஆங்கில வினை இதுவே. தமிழில் ‘மெழுகில் பொதித்தல்’ எனலாம்.

சலவை இயந்திரத்திலும், கைத்தொலைபேசியிலும், கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசிலும் சிறு கணினி ஒன்று உள்ளே இருந்து ஒரே ஒரு குறித்த வேலையை இயற்றுகிறது. அதனை ‘உட்பொதிந்த கணினி’ என்று எழுதுகின்றனர். பொறியியல் பயில விரும்பும் மாணவர் அடிக்கடி கேட்கப் போகும் பெயர் இது.

மொழியியலாரோ ஒரு வாக்கியம் மற்றொரு வாக்கியத்தின் வயிற்றில் இருப்பதை இப்பெயரால் குறிக்கின்றனர். ‘மழையில் நனைந்த பெண் பறித்த கொழுந்து’ என்ற தொடரைப் பாருங்கள். பெண் மழையில் நனைந்தாள்; அவள் கொழுந்து பறித்தாள் என்னும் இரு செய்திகள் இரண்டு பெயரெச்சங்களாகி ஒன்றனுள் ஒன்று அடங்கியிருக்கின்றன. ஆங்கிலம் இவற்றைப் பெயருக்குப் பின்னே தொங்கவிடும். தமிழ் பெயருக்கு முன்னே அடுக்கி வைக்கும். மொழிபெயர்ப்பில் நம் மாணவர் இடறும் இடங்களுள் பெரும்பாலானவை இம்முன்பின் மாற்றத்திலேயே உள்ளன.

2003ஆம் ஆண்டில் ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தபோது, நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் படைப்பிரிவுகளோடு சேர்த்து அனுப்பப்பட்டனர். படையினரோடு உண்டு உறங்கிப் பயணம் செய்து, குறித்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு அவர்கள் செய்தி எழுதினர். அவர்களைக் குறிக்கவும் இதே வினை வழங்கலாயிற்று. போரை மிக அண்மையில் நின்று அவர்கள் கண்டனர் என்பது உண்மை. எந்தப் படையின் பாதுகாப்பில் இருந்தனரோ அதன் பக்கத்திலிருந்தே கண்டனர் என்பதும் அவ்வளவு உண்மை. ஒன்றனுள் அமர்ந்தவர் அதன் கண்ணாற் பார்க்கத் தொடங்கிவிடுவர் என்ற விவாதம் அன்று எழுந்து இன்றுவரை நீடிக்கிறது. இவர்களைத் தமிழில் ‘பதிந்த நிருபர்’ என்றால் நகைப்புக்கு இடமாகும். ‘படையோடு இணைக்கப்பட்ட நிருபர்’ என்றே எழுத வேண்டும்.

கணினி மொழி ஆய்விலோ இன்னும் ஒரு புதுமை. ஒவ்வொரு சொல்லுக்கும் நூற்றுக்கணக்கான எண்களைக் கொண்ட ஒரு வரிசையைக் கொடுத்து, ஒத்த சூழல்களில் வரும் சொற்கள் ஒன்றுக்கொன்று அருகே அமையும்படி செய்கின்றனர். 2013ஆம் ஆண்டில் கூகிள் நிறுவன ஆய்வாளர் வெளியிட்ட முறை ஒன்றால் இது பெரிதும் பரவிற்று. இங்கே ‘எம்பெட்’ என்பது எண்களாலான வெளியில் சொல்லுக்கு ஓர் இடம் வகுத்தல். தமிழில் ‘பதி’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு இருப்பிடம், ஊர் என்ற பொருள் தொன்றுதொட்டு உண்டு என்பதை நினைத்தால், ‘சொற்பதிவு’ என்று இதனைக் கூறுவதில் பிழையில்லை.

பதிவு என்னும் பெயர்ச்சொல்

‘பதிவு’ என்றோம். தமிழில் ‘பதி’ என்ற வினையின் குடும்பம் மிகப் பெரிது. எழுத்தைத் தாளில் அழுத்துவது பதிப்பு. தாய்க்கொடியை அறுக்காமலே அதன் கிளையை வளைத்து மண்ணுள் வைத்து வேர்விடச் செய்வது பதியம். பெயரை ஏட்டில் ஏற்றுவது பதிவு. ஆங்கிலத்தில் ‘எம்பெட்’ என்பதற்கும் பெயர்ப்பதிவுக்கும் தொடர்பே இல்லை. தமிழில் இரண்டும் ஒரே வேர். இவ்வேரைப் பற்றிப் பேசும்போது, குருவிட்டவின் மலைச்சரிவுகளில் வாழும் நம் மக்களின் கதையைச் சொல்லாமல் போவது முறையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் இறப்பருக்காகவும் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் சப்பிரகமுவாத் தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர். ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதை அவர்கள் ‘பேர் பதிதல்’ என்பர். ஒரு நாள் வேலை ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். இவ்வாறு தோட்டத்து ஏட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பதிந்திருந்த மக்கள், நாட்டின் ஏட்டில் பதியப்படாதவராய் நின்ற காலமும் வந்தது.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், பரம்பரையால் பிரஜை, பதிவால் பிரஜை என இருவகை வகுத்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாருமோ இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று காட்டத் தோட்ட மக்களுள் மிகப் பலரால் இயலவில்லை. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்க்கென 1949ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்ததை மெய்ப்பிப்போர் பதிவு பெறலாம் என்றது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் காட்ட வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. முடிவில் பதிவு கிட்டியது சுமார் 1,34,000 பேருக்கு. அவர்களைப் ‘பதிவுப் பிரஜைகள்’ என்று வழங்கினர். ஏனையோர் எந்நாட்டவரும் அல்லாதவராயினர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. ஒரே இலயத்தில் பிறந்த அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னார்க் கப்பலேறிச் சென்றவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். தாய்க்கொடியிலிருந்து அறுக்காமல் வைப்பதுதான் பதியம். இவர்களுக்கு நேர்ந்தது பிடுங்கி நடுதல். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள், பதிவு பெற்றவரையும் பெறாதவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பலர் வடக்கே வவுனியா முதலிய இடங்களுக்கு இடம்பெயர்ந்தனர்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தன் 26ஆம் உறுப்புரையில், பிரஜைகளுள் பரம்பரை, பதிவு என்ற வேறுபாடு எதன் பொருட்டும் பாராட்டப்படலாகாது என விதித்தது. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்து வரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஆங்கில வினை போர்க்களச் செய்தியாளருக்குப் புதுப்பொருள் பெற்ற அதே ஆண்டில், தமிழ் வினையின் பழைய வழக்கு ஒன்று சட்டத்தளவில் தீர்ந்தது.

சட்டத்தளவில் என்றோம். வாக்குச்சீட்டும் அடையாள அட்டையும் வந்தன. ஆயினும் குடியிருக்கும் இலயத்துக்கும் அதன் முன்னுள்ள சிறு தோட்டத்துக்கும் உரிமைப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்னும் மிகப் பல. 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் ஒன்று நடந்தது. முன்னோர் நடந்த தடத்தையே பின்னோர் நடந்து காட்டினர். அப்பயணத்தில் எழுப்பப்பட்ட கோரிக்கைகளுள் காணியுரிமையும் முதன்மையானது. பதிவு கிடைத்துவிட்டது; பதி கிடைக்க வேண்டும்.

இம்மக்கள் இந்நிலத்தில் பதிந்தவர்களா, பதிக்கப்பட்டவர்களா? தன்வினையா, செயப்பாட்டு வினையா? முதல் தலைமுறையைக் கேட்டால் ‘கொண்டுவந்து பதிக்கப்பட்டோம்’ என்று கூறியிருப்பர். அத்தலைமுறையின் பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, கொழுந்து பறித்து, மாரியம்மனுக்குத் தீர்த்தமெடுத்து, இம்மண்ணிலேயே தம் முன்னோரைப் புதைத்தவர்கள். அவர்களுக்குப் பிறவினை பொருந்தாது. அவர்கள் பதிந்தவர்கள்.

மாணவர்க்கு ஒரு வழி

இனி ‘எம்பெட்’ என்ற சொல்லை எங்குக் கண்டாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். முதலாவது, உள்ளே இருப்பது தானாக அமர்ந்ததா, ஒருவர் அமர்த்தியதா? அதற்கேற்பப் பதிந்தது என்றோ பதித்தது என்றோ எழுதலாம். இரண்டாவது, வெளியே தெரிகிறதா, மறைந்து கிடக்கிறதா? தெரிந்தால் பதிதல், மறைந்தால் புதைதல், சுற்றிலும் உறையிட்டாற்போல் இருந்தால் பொதிதல். மூன்றாவது, உயிரற்ற பொருளா, வளரும் பொருளா? வளருவதாயின் ஊன்றுதல், வேர்விடுதல், ஊறுதல் ஆகியவற்றுள் ஒன்று தானே நாவில் வரும். எந்தச் சொல்லும் ஒட்டாத இடத்தில், நிருபரைப் பற்றிக் கண்டாற்போல, நடந்ததை நேராகச் சொல்லிவிடுவதே சிறப்பு.

இம்மூன்று கேள்விகளும் மொழிபெயர்ப்புத் தாளில் இரண்டொரு புள்ளிகள் கூட்டித் தரும் என்பதற்காக மட்டும் நாம் இவற்றைச் சொல்லவில்லை. செய்தித்தாளிலும் சட்டப் புத்தகத்திலும் செய்தவர் பெயரை மறைத்து எழுதும் வாக்கியங்கள் ஏராளம். ‘இடம்பெயர்க்கப்பட்டனர்’, ‘நீக்கப்பட்டனர்’ என்றெல்லாம் படிக்கும்போது, செய்தவர் யார் என்று கேட்கும் பழக்கத்தைத் தன்வினை பிறவினைப் பாடம் நமக்குக் கற்பிக்கிறது. அப்பாடத்தைக் கசடறக் கற்ற பிள்ளை பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் ஏமாறாது. பெற்றோர் தம் பிள்ளைகளோடு அமர்ந்து, வீட்டிலே நாள்தோறும் வழங்கும் பதி, புதை, பொதி, ஊன்று, ஊறு என்னும் ஐந்து வினைகளுக்கும் ஐந்து வாக்கியங்கள் எழுதிப் பார்த்தல் நன்று. எந்த அகராதியிலும் இல்லாத எடுத்துக்காட்டுகள் சில தம் வீட்டுப் பேச்சிலேயே கிடப்பதை அவர்கள் காண்பர்.